இடது இறக்கை நுனியில் நின்ற தண்ணீர்

நான் பார்த்ததைப் பார்த்ததென்றும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து, எங்கள் வீட்டாருக்குப் பாதகமானதையும் மறைக்காமல், எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்கிறேன். என் பெயர் குணசுந்தரி, வயது பதினைந்து, தகப்பனார் பெயர் திருவேங்கடம், பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின் தெருவில் குடியிருந்து பத்தாம் வகுப்பு படித்து வருகிறேன். காவல் நிலைய உதவி ஆய்வாளர் அம்மா கேட்டதன் பேரில், என் தாயார் உடனிருக்க, என் கைப்பட எழுதுகிறேன்.

நைனா என்று நான் அழைக்கும் என் தகப்பனார் ஃபைபர் படகு செய்பவர். அவருடைய தங்கை ஜெயம்மா எனக்கு அத்தை. அத்தை பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய விமானத்தை, வாங்கிய வரைபடத்தைப் பார்த்து, நைனாவின் படகுக் கொட்டகையில் தன் கையாலேயே கட்டி வந்தார். பறக்க அனுமதி இன்னும் வரவில்லை. தரையில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வரைபடத்தில் இறக்கையின் நுனி, கத்தியால் நறுக்கியதுபோல் மொட்டையாக முடிந்திருந்தது. இறக்கைக்குக் கீழே இருக்கும் அழுத்தம் கூடிய காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறிச் சுழலும் என்றும், அந்தச் சுழலுக்குப் போகும் சக்தி வீண் என்றும், நுனியின் வடிவத்தை மாற்றினால் அதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றும் அத்தை எனக்கு விளக்கினார். அதன் பிறகு அத்தையும் நைனாவும் மூன்று விதமான நுனிகளை ஃபைபரில் செய்தார்கள். முதலாவது மேல்நோக்கி நிமிர்ந்தது, இரண்டாவது கீழ்நோக்கி வளைந்தது, மூன்றாவது மேல்பக்கம் நேராகப் போய், அடிப்பக்கம் சரிவாக ஏறி வந்து, ஓரத்தில் கூராகச் சேர்வது. ஒவ்வொன்றையும் ஒரு துண்டு இறக்கையில் பொருத்தி, காற்று சீராக ஓடினால் படிந்தும் சுழன்றால் துடித்தும் காட்டும் கம்பளி நூல்களை மேலே ஒட்டி, மினி லாரியில் உயரமாகக் கட்டிப் பொன்னேரி சாலையில் ஓட்டினோம். நான் பின்னால் உட்கார்ந்து எந்த நூல் படிகிறது, எந்த நூல் துடிக்கிறது என்று கத்திச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எங்கள் எதிர்வீட்டுச் சிங்காரம் மாமா ஏரியில் இறால் பிடிப்பவர். நூல்களைப் பார்த்துவிட்டு அவர், "இன்னா ஜெயம்மா, றெக்கைக்கு ஜடை பின்றியா?" என்று கேட்டார். அத்தை, "உனுக்குப் பின்னலாம்னு பாத்தா தலைல ஒண்ணும் இல்லியே மாமா" என்றார். அன்று வரை அவர்களுக்குள் பகை எதுவும் இல்லை.

நிமிர்ந்த நுனியில் நூல்கள் நன்றாகப் படிந்தன. ஆனால் அதைத் தாங்க இறக்கையின் உள்ளேயும் பலப்படுத்த வேண்டும், அந்த எடையில் லாபம் போய்விடும் என்று அத்தை கணக்குப் போட்டார். கீழே வளைந்தது, விமானம் ஓடும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் ஏரித் தரையில் குத்தும். ஆகவே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே தண்ணீர் சேர்ந்தால் வடிவதற்காக, ஒவ்வொரு நுனியின் அடியிலும், இறக்கையோடு சேரும் தாழ்வான இடத்தில், சுண்டு விரல் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். இதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு நுனிகளைச் சீர்செய்யும் வேலை நைனாவிடம் வந்தது. நைனா எந்தப் படகை முடித்தாலும், உள்ளே பல்பை விட்டுக் கொட்டகையை இருட்டாக்கிவிட்டு வெளியே நின்று பார்ப்பார். ஃபைபர் மங்கலாகத் தெரியும். வெளிச்சம் பளிச்சென்று கசியும் இடமெல்லாம் ஓட்டை. அதைப் பவுடர் கலந்த ரெசின் பசையால் அடைத்து, தேய்த்து, திரும்பவும் பார்ப்பார். நுனிகளையும் அப்படியே பார்த்தார். நான் வாசலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். முடித்ததும், "ஒரு சொட்டு ஏறாது" என்று சொன்னார். எந்தெந்த ஓட்டையை அடைத்தார் என்று அப்போது நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நுனிகள் திருகாணியால் பொருத்தப்பட்டன. எங்கள் கொட்டகை படகுக்காகக் கட்டியது, விமானத்தின் அகலத்துக்குப் போதாது. அதனால் இடது இறக்கையின் பாதி கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை இன்ஜினைப் போட்டுச் சோதித்த நாளில் சிங்காரம் மாமா வந்து, "உன் சத்தத்துல எறா ஒண்ணும் நிக்கல. இன்னொரு வாட்டி போட்டுப் பாரு, உன் றெக்கைய தண்ணில ஊற வச்சிடறேன்" என்று கத்தினார். தெரு முழுவதும் கேட்டது. நானும் கேட்டேன். அதன் பிறகு கோடை மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது.

மழை விட்டு, ஏரியில் நீர் வற்றிய தரை காய்ந்த பின், அத்தை விமானத்தை அங்கே ஓட்டினார். வேகம் கூடியதும் இடது இறக்கை தாழ்ந்து, நுனி தரையில் குத்தி, விமானம் சுழன்று நின்றது. அத்தையின் மணிக்கட்டு முறிந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, நுனியின் ஓரம் பிளந்து, உள்ளிருந்து குடத்தைச் சாய்த்ததுபோல் தண்ணீர் கொட்டியது. நைனா அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "சொன்ன மாதிரியே செஞ்சிட்டான்டா" என்றார். அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு சிங்காரம் மாமா பேரில் புகார் கொடுத்தார். நேற்றிலிருந்து மாமா இங்கே ஸ்டேஷனில் வைக்கப்பட்டிருக்கிறார்.

அந்தத் தண்ணீரை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏரித் தண்ணீர்போல் கரிக்கவில்லை. மழைத் தண்ணீர் மேல்பக்கத்துத் திருகாணி வரிசை வழியாக இறங்கியிருக்கும் என்பது என் எண்ணம். இறங்கினால் வடிந்திருக்க வேண்டும் என்பதால் நுனியைக் கழற்றிய பின் புரட்டிப் பார்த்தேன். அத்தை ஓட்டை போட்ட இடம் வழவழப்பாக இருந்தது. கூரைக்குள் நனையாமல் இருந்த வலது நுனியிலும் அந்த ஓட்டை இல்லை.

வீட்டில் நைனாவிடம் இதைக் கேட்டேன். "நான் ஊசி ஓட்டைங்கள தான் அடைச்சேன். ஜெயா போட்டத நான் ஏன் தொடப்போறேன்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் ஞாபகம் என்று நம்புகிறேன். ஆனால் ஓட்டையோடு ஒரு படகைக்கூட வெளியே விட்டிராத கை அது. என் தாயார், "இத்த போயி அங்க சொல்லாத. அப்புறம் உங்க நைனா கையால எவன்டி போட் வாங்குவான்?" என்றார். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன், அவரும் கூடவே வந்தார். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறார். சிங்காரம் மாமா கோபத்தில் சொன்னது தப்பு. ஆனால் சொன்னதைச் செய்யவில்லை. செய்யாததற்காக அவர் உள்ளே இருக்கக் கூடாது.

இதை நானே உரக்கப் படித்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. இதிலுள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தி. குணசுந்தரி

கையெழுத்துக்குப் பின் நடந்ததையும் சேர்த்து எழுத அனுமதி கேட்டுப் பெற்றேன். நிலையத்தின் பின்னறையில் உடைந்த நுனி வைக்கப்பட்டிருந்தது. பவுடர் கலந்த ரெசினில் வெளிச்சம் ஏறாது, ஊசி ஓட்டையை அடைத்திருந்தால் புள்ளியாகவும், அத்தை போட்டதை அடைத்திருந்தால் சுண்டு விரல் அளவுக்கும் கறுப்பாகத் தெரியும், ஆகவே படகைப் பார்ப்பதுபோல் நைனாவே பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். உதவி ஆய்வாளர் அம்மா சம்மதித்து நைனாவை வரவழைத்தார். நைனா வயரோடு ஒரு பல்பை வாங்கி, பிளவின் வழியாக உள்ளே விட்டார். கதவு சன்னல்கள் சாத்தப்பட்டன. அறையின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை. நைனா அடிப்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். தாழ்வான இடத்தில் அவர் கை நின்றது. சுண்டு விரலை அங்கே வைத்து அளந்து பார்த்தார். அதன் பிறகு நிமிராமலே, "லைட்ட நிறுத்துங்கம்மா. அதுக்கு முன்ன சிங்காரத்த இட்டுனு வாங்க, அவனும் பாக்கட்டும்" என்றார். சிங்காரம் மாமா அழைத்து வரப்பட்டு நைனாவின் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். நைனா நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். அதன் பிறகு விளக்குகள் அணைக்கப்பட்டன.