ஒரே கேஸு, ரெண்டு கோர்ட்டு

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவரின் மகன்களும் ஒரே அடிதடி வழக்கில் கைதானவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"உன் புள்ளைக்கு ஐகோர்ட்டுல ஜாமீன் குடுத்தாங்க. என் புள்ளைக்கு கீழ்கோர்ட்டுல இல்லைன்ட்டாங்க. இன்னா நியாயம்க்கா?" என்றாள் இளையவள்.

"அந்த உத்தரவ காட்டியே உன் புள்ளைக்கும் கேக்கலாம்னு வக்கீல் சொல்றாரு," என்ற மூத்தவள் சிரித்தாள். "ஆத்தோரம் குடியிருந்தப்போ ரெண்டும் ஒரே தட்டுல துன்னுச்சுங்க."

"உன் பொடவைய புடிச்சிக்கினுதான் என் புள்ள தூங்குவான்."

"ஆமாம்மே. எது யார் வீடுன்னே அதுங்களுக்குத் தெரியாது."

"உன் புள்ள வூட்டுக்கு வந்துட்டானாக்கா?"

"எங்க? ஜெயில் வாசல்லயே குந்திக்கினு கீறான். உன் புள்ள இல்லாம உன் மூஞ்சில எப்டி முழிப்பேன்றான்."

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கூட்டுக்கு வரச் சொல்லுக்கா. சோறாக்கி வெக்கறேன்."