ஐந்து மணிக்குள் ஓர் அலமாரி

— நானூத்திப் பன்னெண்டு, செம்மொழி! புத்தகம் வெளியாகுறதுக்கு முன்னாடியே நானூத்திப் பன்னெண்டு பேர் முன்பதிவு பண்ணியிருக்காங்க.

— பாத்துட்டேன், மதிவாணன் சார். காலையில இ-சேவைக் கடையைத் திறந்ததுலேருந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். பட்டா நகல் கேட்டு வந்த பெரியவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தைப் போட்டுக் குடுத்துட்டேன். பாவம், பூதலூர் கடைத்தெரு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு.

— உங்க போன நாவலை மொத்தமே அறுபது பேர்தான் வாங்குனாங்க. அடிப்படையில என்ன மாறியிருக்குன்னு கவனிக்கணும்.

— அறிமுகம் மாறியிருக்கு, வேற என்ன? போன தடவை ‘விளிம்புநிலைப் பெண்ணின் அகவெளி’ன்னு ஆரம்பிச்சீங்க. காதல் கதை தேடி வந்தவங்க பரீட்சை வைக்கப் போறோம்னு ஓடிட்டாங்க.

— ஒத்துக்குறேன். முனைவர் பட்டத்துக்காக உங்களைப் பேட்டி எடுக்க வந்தவன் நான். மின்னூலுக்கு விளம்பரம் எழுதக் கத்துக்கக் கொஞ்சம் நாளாச்சு. இந்தத் தடவை ஒரே வரி: ‘தை அறுவடைக்குள்ள அவன் சொல்லிடுவானா?’ அட்டையில பனிமலையும் இல்ல, கோட்டு போட்ட கதாநாயகனும் இல்ல. உங்க வயலு, வரப்பு, அவ்வளவுதான். குடவாசல்ல ஒரு அம்மா ‘எங்க ஊரு மாதிரியே இருக்கே’ன்னு பகிர்ந்தாங்க. அது அப்படியே குவைத் வரைக்கும் போயிடுச்சு.

— நானூத்திப் பதினாலு.

— பாத்தீங்களா? சரி, வேலைக்கு வருவோம். அஞ்சு மணிக்குள்ள முழுப் புத்தகத்தையும் ஏத்தலைன்னா அந்த மின்னூல் தளம் முன்பதிவு எல்லாத்தையும் ரத்து பண்ணிடும். இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு. கடைசி அத்தியாயம் எங்க?

— வரும். மொதல்ல எந்த அலமாரியில வைக்கிறதுன்னு சொல்லுங்க. காதலா, குடும்பமா?

— முடிவு தெரியாம எப்படிச் சொல்றது? இணையக் கடையில அலமாரிங்கிறது வாசகருக்கு நாம குடுக்குற வாக்குறுதி. காதல்னு வச்சா ரெண்டு பேரும் சேந்தே ஆகணும். உங்க ரெண்டாவது நாவல்ல கதாநாயகனைக் கொள்ளிடத்துல மூழ்கடிச்சுட்டு, அதைக் காதல் அலமாரியில வச்சோம். என்ன ஆச்சு?

— ஒத்தை நட்சத்திரம் முப்பத்தொண்ணு வந்துச்சு. ஒரு அக்கா, ‘எழுதுனவங்களுக்கு நீச்சல் தெரியுமா?’ன்னு கேட்டிருந்தாங்க.

— அதான் கேக்குறேன். இதைக் குடும்பத்துல வச்சா, முன்பதிவு பண்ணவங்கள்ல பாதிப் பேர் விலகிடுவாங்க. நாலு வருஷமா நீங்க இவங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தீங்க.

— இருபத்தோரு அத்தியாயம் படிச்சிருக்கீங்கள்ல? விமர்சகரா நீங்களே சொல்லுங்க. சேருவாங்களா?

— விமர்சகனா சொன்னா, கதாநாயகி அபாரம். கதாநாயகன்தான் நம்பும்படியா இல்ல.

— எந்த எடத்துல?

— அந்த நடவுக் காட்சியில. பயிர்க் காப்பீட்டுக்கு வயலை அளக்க வர்றான். நடவாளுங்க வரப்பை மறிச்சு, அவன் காலடியில பறிச்சுக் கட்டுன நாத்து முடியை வச்சுக் காசு கேக்குறாங்க. அந்த ஊர்ல, வீட்டுக்கு மாப்பிள்ளையா வரப்போறவன்கிட்டதான் அப்படிக் கேப்பாங்க. குடுத்துட்டா சம்மதம்னு அர்த்தம். அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நாத்தங்கால்ல நிக்குறா. இவன் காசைக் குடுத்துட்டு, டேப்பைச் சுருட்டிக்கிட்டு பஸ் ஏறிடுறான். ரெண்டு மாசம் அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவு மட்டியா ஒரு மனுஷன் இருப்பானா?

— இருப்பான் சார்.

— வழக்கத்தைக் கற்பனை பண்ண விதம் பிரமாதம். அந்த மனுஷன்தான் உதைக்குது.

— வழக்கத்தை நான் கற்பனை பண்ணல. எங்கக்கா வீட்டுக்காரரும் அப்படிக் குடுத்தவருதான்.

— நிஜமாவே இருக்கா?

— அட்டைப்படம் எடுக்க ஐப்பசியில எங்க வயலுக்கு வந்தீங்களே, வரப்புல என்ன நடந்துச்சு?

— நாத்து முடியை வச்சுக் கேட்டாங்க. படம் எடுத்ததுக்குக் கேக்குறாங்கன்னு இருநூறு ரூபா குடுத்தேன். அதைப் பாத்துத்தான் நீங்க அந்த மாப்பிள்ளை விஷயத்தைப் புனைஞ்சு சேத்தீங்கன்னு நெனச்சேன்.

— போட்டோவுக்கு யாரு சார் காசு கேட்டா? ஒடனே எல்லாரும் குலவை போட்டாங்களே, அது எதுக்காம்?

— நாட்டார் வழக்காறுன்னு குறிப்பேட்டுல எழுதிக்கிட்டேன்.

— அன்னிலேருந்து எங்கம்மா உங்களுக்கு மட்டும் வெள்ளி டம்ளர்ல காபி குடுக்குறாங்க. அதையும் எழுதிக்கிட்டீங்களா?

— இல்ல. காபி நல்லா இருக்குன்னு மட்டும் நெனச்சேன்.

— சரிதான் போங்க.

— செம்மொழி, அந்தக் கடைசி அத்தியாயம்?

— எழுதல சார். இருபத்தொண்ணு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மிச்சம் அவனுக்குத்தான் தெரியும்.

— நாத்தங்கால்ல நீங்களும் நின்னுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. கையில பறிச்ச நாத்து இருந்துச்சு, முடி கட்டாம நின்னீங்க.

— நேரம் போகுது. குடும்பம்னா குடும்பம்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அவனை அந்தப் பஸ்லயே அனுப்பி வச்சுட்டு, அரைப் பக்கத்துல முடிச்சுடுறேன். எந்த அலமாரி சார்?

— காதல்லயே வைங்க. அவன் பஸ்ஸை விட்டு எறங்கிட்டான்.