லெவீயின் இரண்டாம் குரல்

மேடை ஏறும் நாளில் டமாலி தின்னாதே என்று டவோரிஸிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மக்காச்சோளத் தோலில் கட்டி வேகவைத்த அந்தக் கார இறைச்சியைத் தின்றால் அவனுக்கு நெஞ்சு எரியும், குரல் கரகரக்கும். அன்று மாலையும் தின்றான். காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "கிரீன்வில்லுக்கு வந்துட்டு இதத் திங்காமப் போனா எங்கம்மா என்னப் புள்ளைன்னே ஒத்துக்க மாட்டாங்கடா," என்றான். அவன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மேடம். அவன் சாவுக்கு அது காரணமில்லை.

என் பெயர் ஒடெல் ப்ரூயிட். லெவீ என்ற பெயரில் மிசிசிப்பி முழுக்கத் தெரிந்த ராப் பாடகன் டவோரிஸ் கெய்ன்ஸுக்கு மேடையில் இரண்டாம் குரல் நான். கிரீன்வில்லில் நாங்கள் வளர்ந்த தெரு ஆற்றின் அணைமேட்டை ஒட்டியது. அந்த மேட்டை லெவீ என்போம், அந்தப் பெயரைத்தான் அவன் தனக்கு வைத்துக்கொண்டான்.

இரண்டாம் குரல் என்றால் பக்கத்தில் நின்று கூச்சல் போடுகிறவன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ராப்பில் சொற்கள் இடைவெளியில்லாமல் வரும். பாடுகிறவன் எங்காவது மூச்சு வாங்கியாக வேண்டும். அவன் வாங்கும் இடத்தில் வரியின் கடைசிச் சொல்லை நான் பிடித்துக்கொள்வேன். டவோரிஸுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அதனால் அவன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரியை விடுவான், நான் மற்றவர்களைவிட அதிகம் எடுப்பேன். மெம்ஃபிஸில் அதை எங்கள் பாணி என்றார்கள். அது அவனுடைய நோய் என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தேவாலயத்திலிருந்து வந்த பாணி என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அதுவும் பொய்யில்லை. எங்கள் சபையில் போதகர் பேசப்பேச ஜனங்கள் பதில் சொல்வார்கள். அவருக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுவிட்டால் முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "பொறுமையா, ஐயா, பொறுமையா," என்று எழும். பிறகு சபை முழுக்க அதையே சொல்லும். அவர் மறுபடி வாய் திறக்கும்வரை யாரும் கிட்டே போக மாட்டார்கள். அந்த மௌனத்தில் தேவன் இறங்கி வருகிறார் என்பது எங்கள் நம்பிக்கை.

பெட்ரோல் பங்குகளில் கார் டிக்கியைத் திறந்து வைத்து எங்கள் பாட்டுகளை விற்றிருக்கிறோம். மன்ரோவில் ஒருமுறை கேட்க வந்தவர்களைவிட மேடையில் நின்றவர்கள் அதிகம். அன்றும் அவன் முழுப் பாட்டையும் பாடினான். "ஒருத்தன் காது குடுத்தாலும் அவனுக்கு முழுசாப் பாடணும்டா," என்பான். பிறகு 'மூணாம் படி' வந்தது. வெள்ளத்தில் ஆறு அவன் அம்மா வீட்டு வாசலில் மூன்றாம் படிவரை ஏறியதைப் பற்றிய பாட்டு. அதற்குப் பின் நாங்கள் போகும் ஊரிலெல்லாம் கூட்டமே வரிகளைச் சொன்னது. அவன் கையைத் தூக்கினால் கூட்டம் தூக்கும், குனிந்தால் குனியும்.

சொந்த ஊர் நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் காரில் போகும்போது சொன்னான். "என்ன எடுத்துக்கிட்ட அட்லாண்டா பாட்டுக் கம்பெனிக்காரங்க, இனிமே மேடைல என் குரலயே பதிவு பண்ணிப் பின்னாடி ஓட விடுவாங்களாம்டா. நான் விடுற எடத்த அதுவே பாடிக்கும்."

"அப்ப நான்?"

"நீ என்கூட வண்டில வா. எங்க போனாலும் நீ இல்லாமயா?"

"வண்டில உக்காந்து என்னடா பண்றது?"

"நான் டமாலி திங்காம பாத்துக்க," என்று சொல்லிச் சிரித்தான். என் தோளில் கை போட்டுக்கொண்டான். அவன் என்னை ஏமாற்றவில்லை, மேடம். அது பதிவாக வேண்டும். அவன் எதையும் மறைக்கவில்லை, அன்பாகத்தான் சொன்னான்.

நான் ஒரே ஒரு விஷயம்தான் யோசித்தேன். அவனுக்கு எப்போது மூச்சுத் திணறும் என்று பதிவு செய்த குரலுக்குத் தெரியாது. அதை அவன் ஒருமுறை நேரில் பார்த்தால் போதும்.

எந்த அரங்குக்குப் போனாலும் புகை இயந்திரம் கூடாது என்று முதலில் சொல்கிறவன் நான். அன்று சொந்த ஊர் நிகழ்ச்சி நடந்த பழைய பருத்திக் கிடங்கு அரங்கில் விளக்குகளைக் கவனிக்கிறவரிடம், "கடைசிப் பாட்டுக்குப் புகை போடுங்கண்ணே. சொந்த ஊரு, ஜோரா இருக்கட்டும்," என்றேன்.

"லெவீக்கு ஆகாதுன்னு நீதானப்பா சொல்லுவ?"

"அது அப்போ. இப்ப தேவலாம்."

நான் சொன்னதால் நம்பினார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இன்ஹேலர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அவன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால், துண்டுக்குள் வைத்துக் கொடுப்பேன். அவன் முகம் துடைப்பதுபோல் இழுத்துக்கொள்வான். இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

'மூணாம் படி' தொடங்கியதும் புகை வந்தது. அரங்கத்தார் செய்த தவறு என்று நினைத்து, என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். கொஞ்ச நேரத்தில் வரிகளைச் சீக்கிரம் விட ஆரம்பித்தான். நான் எடுத்தேன். பாதி வரியில் விட்டான், எடுத்தேன். பிறகு நெஞ்சில் தட்டினான். கூட்டமும் நெஞ்சில் தட்டியது. அரங்கம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. இந்தச் சரணம் முடியட்டும் என்று நினைத்தேன். மறுபடி தட்டினான். அவர்களும் தட்டினார்கள்.

அதன்பின் அவன் வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. என்னவோ என்று நினைத்து இசையை ஓட்டுகிறவன் நிறுத்திவிட்டான். அரங்கம் அமைதியானது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவன் அம்மா, மிஸ் வெர்லீன், எழுந்து நின்றார். மேடையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

அப்போது நான் மைக்கில், "பொறுமையா, லெவீ. பொறுமையா," என்றேன்.

எங்கள் ஜனங்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. "பொறுமையா, தம்பி, பொறுமையா," என்று அரங்கம் முழுக்கச் சொன்னது. சிலர் அழுதார்கள். சொந்த ஊரைப் பார்த்து அவனுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். மிஸ் வெர்லீன் திரும்ப உட்கார்ந்து ஒரு கையை உயர்த்தினார். "பொறுமையாடா, கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல," என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

டவோரிஸ் மண்டியிட்டான். கூட்டமும் மண்டியிட்டது. அவன் அவர்களைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பையைத்தான் பார்த்தான். மிச்சமிருந்த சரணத்தை இசையில்லாமல் நானே பாடினேன். அதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நான் பாடியது அதுவே முதல் தடவை. முடிந்ததும் ஆரவாரம் எழுந்தது. அதன்பிறகு குனிந்து இன்ஹேலரை அவன் உதட்டில் வைத்தேன். இழுக்க அவனிடம் மூச்சு இல்லை.

அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். பெட்டியின் பக்கத்தில் நின்றேன். வாய் வரவில்லை. முன்வரிசையிலிருந்து மிஸ் வெர்லீன், "பொறுமையா, மவனே. பொறுமையாச் சொல்லு," என்றார். சபை முழுக்கச் சொன்னது. எல்லோரும் காத்திருந்தார்கள். சொல்ல வேண்டியது அப்போது என் நாக்கில் இருந்தது. அவன் எனக்கு அண்ணன் தம்பிபோல என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரைக்கும் அவன் பக்கத்துல நின்னியேடா, அது போதும்," என்றார். மறுநாள் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத வேண்டாம். புகையைப் போடச் சொன்னது நான். அவன் தட்டியதைப் பார்த்தேன், புரிந்தது, கொடுக்கவில்லை. அவன் அம்மா எழுந்து வந்தபோது அவரைத் திரும்ப உட்கார வைத்ததும் நான்தான்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவன் விட்ட இடத்திலிருந்து ஒரு சொல்கூடச் சிதறாமல் அந்தப் பாட்டை நான் முடித்துக் கொடுத்தேன். பதிவு செய்த குரலால் அது முடிந்திருக்காது.