மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துக் கோட்டை

குருநகர் மினிபஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருவர் மரியாக்கா. மற்றவர் அவருடைய மகளுக்கு ஸ்கொட்லாந்தில் மாப்பிள்ளை பேசி வந்தவர்.

"கடலைப் பாத்த வீடு, மரியாக்கா. முந்தி மீன்பிடிச்ச ஊராம். பிறகு பட்டினத்துப் பணக்காரர் வந்து மாளிகை கட்டினவையாம். கரையிலை பெரிய கோட்டையும் இருக்காம்."

"கோட்டையோ? அப்ப வேண்டாம்."

"ஐயோ, அது ஐந்நூறு வருசத்துப் பழசு! சனம் ரிக்கற் எடுத்துப் பாக்கப் போகுதாம்."

"எங்கடை கோட்டையும் ஒல்லாந்தன் கட்டின பழசுதான். நேற்றும் ஆமிக்காரங்கள் அதுக்குள்ளையிருந்துதானே எங்கடை வீடுகளுக்குச் செல் அடிச்சவங்கள்."

பூமிசாஸ்திரம் படிப்பிக்கும் எனக்கு இந்த ஆபத்து இதுவரை தோன்றியதேயில்லை.

"பெடியன் தங்கமான பெடியன், அக்கா. பெட்டைக்கும் விருப்பம். நான் என்னெண்டு எழுத?"

மரியாக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"வீட்டு வளவுக்குள்ளை, செல் விழேக்கை ஒளிக்க, ஒரு பங்கர் வெட்டிப்போட்டு அறிவிக்கச் சொல்லு. பெட்டையைப் பிளேனிலை ஏத்திவிடுறன்."