விழாத வேஷம்

1958 ஏப்ரல் 11, காலை. அரிசோனாவில் சான் கார்லோஸ் அப்பாச்சிப் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்திலுள்ள ஒரு கடையின் தொலைபேசிக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் சினிமாக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரவேண்டியிருந்தது.

— கத்தரிக்கோலை உள்ளே வை அக்கா. கடைக்கு வர்றவங்க எல்லாம் பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும். அவங்க பார்க்கிறது கத்தரிக்கோலை இல்ல தம்பி, உன் முடியை. அம்மாவைப் புதைச்சாச்சு. நம்ம வழக்கப்படி அவ வீட்டை எரிச்சாச்சு, துணிமணியை எரிச்சாச்சு. துக்கத்துக்கு வெட்டி, சொந்தக்காரங்க எல்லாருக்கும் முடி காதுக்கு மேல ஏறிடுச்சு. பெத்த மகன் மட்டும் இடுப்பு வரைக்கும் தொங்கவிட்டுக்கிட்டு கடை வாசல்ல உலாத்துறான்.

— அதான் சொல்றேனே, மூணே வாரம். படம் முடிஞ்ச மறுநாள் நானே வந்து உன் முன்னாடி உட்கார்றேன். மொட்டையே அடி.

— செத்தவங்க மூணு வாரம் காத்துக்கிட்டு நிப்பாங்களா? உட்காரேன்டா முதல்ல. நீ நடக்கிற நடையில என் காபியெல்லாம் புழுதி.

— உட்கார முடியல. ஒட்டு முடி வச்சுக்கலாமான்னு கேட்டுப் பார்த்தேன் அக்கா. அகலத்திரையில காக்காக் கூடு மாதிரி தெரியுதாம். சொந்த முடியோட வா, இல்லைன்னா வராதேன்னுட்டான் டைரக்டர்.

— மச்சான் டெல்மர்! என் அருமை நண்பா டெல்மர்! சௌக்கியமா? வயிறு சௌக்கியமா? ஏன் நிக்கறே, உட்காரு டெல்மர்! ஏன் உட்கார்ந்தே, எழுந்திரு டெல்மர்!

— ரூபன், வெள்ளைக்காரன் மாதிரி கத்துறதை நிறுத்து. போன் வந்துச்சா?

— வந்தா சொல்ல மாட்டேனா? முதலாளி என்னைத்தானே கல்லாவுல காவல் போட்டுட்டு குளோப் டவுனுக்குப் போயிருக்கார். இப்பக்கூட ஒருத்தர் மாட்டு டாக்டரைக் கூப்பிடணும்னு வந்தார். சத்தியமா சொல்றேன், "லைன் சினிமாவுக்கு ஒதுக்கியாச்சு, பசு கொஞ்சம் பொறுத்துக்கும்"னு அனுப்பிட்டேன். சரி, இந்தப் படத்துல எந்தப் பாறையிலேருந்து விழறே?

— விழலை.

— குதிரையிலேருந்து?

— அதான் சொல்றேனே, இதுல விழவே இல்லை. கர்னலுக்கு எதிர்ல சமமா உட்கார்ந்து பேசுறேன். சும்மா "ஹூ, ஹா" இல்ல, வசனம். கடைசியில எழுந்து குதிரை ஏறி மலைப்பக்கம் போயிடறேன். உயிரோட.

— உயிரோடயா! குளோப் தியேட்டர்ல பசங்க பிழைப்புல மண்ணு. நீ திரையில வந்தாலே பந்தயம் கட்டுவானுங்க மச்சான், எத்தனையாவது குண்டுல விழுவேன்னு. ஒரே சண்டையில நீ ரெண்டு தடவை செத்ததை நானே பார்த்தேன். கறுப்புக் குதிரையிலேருந்து ஒரு தடவை, சட்டையை மாத்திக்கிட்டு வந்து வெள்ளைக் குதிரையிலேருந்து ஒரு தடவை.

— சிரி. இருபது வருஷமா அந்த வேலைதான். பேசுற வேஷம் எல்லாம் முகத்துல சாயம் பூசின வெள்ளைக்காரனுக்கு. அவன் பக்கத்துல விழறதுக்கு நான். இந்த ஒண்ணை விட்டா இனிமே எனக்கு வராது ரூபன். முட்டி ரெண்டும் போச்சு.

— தெல்மா அக்கா, நீயாவது சொல்லேன். மூணு வாரந்தானே?

— நீ கடைக்குள்ள போடா. ஊர்ல ஒவ்வொருத்தியும் என்கிட்ட கேட்கிறா, உன் தம்பிக்கு அம்மா மேல கோபமான்னு.

— எனக்கா கோபம்? அவளுக்குத்தான் என் மேல. முதல் படம் பார்த்துட்டு வந்த நாள்லேருந்து என் பேரை அவ வாயால சொன்னதில்லை. நான் எதிர்லயே உட்கார்ந்து ரொட்டி தின்னுக்கிட்டிருப்பேன், "கலிபோர்னியாவுல இருக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து"ம்பா உன்கிட்ட. மகனை நினைச்சு அவ்வளவு வெட்கம். நிமிர்ந்து நிக்கிற ஒரு படத்தை அவளுக்குக் காட்டணும்னுதான் இத்தனை வருஷம் விழுந்தேன். காட்ட முடியல. படமாவது வரட்டுமே.

— வெட்கம்னு யார் உனக்குச் சொன்னா?

— சொல்லணுமா? அப்புறம் முடி முடிங்கிறியே, அவளே இத்தனை வருஷமா குட்டை முடியோடதான் இருந்தா. அவ என் முடிக்காகக் காத்துக்கிட்டு நிக்கப் போறாளாக்கும்.

— ஏன் குட்டைன்னு என்னைக்காவது கேட்டியா?

— வயசாச்சு, சீவ முடியாம வெட்டிக்கிட்டா, அதே பழகிப்போச்சுன்னு நினைச்சேன்.

— பழகிப்போச்சாம்.

— அக்கா, மணி அடிக்குது! ரூபன், ஓடு! வெள்ளைக்காரன் மாதிரி கை குலுக்க வராதேடா, ஓடு!

— நீ போய்ப் பேசலையா?

— அவன் பேசட்டும். இங்கிலீஷ் அவனுக்கு நல்லா வரும். என்ன சொல்றான்னு கேட்குதா?

— தலையைத் தலையை ஆட்டுறான். போன்ல யாராவது தலையை ஆட்டுவானா? இதோ வர்றான்.

— மச்சான்.

— சொல்லு.

— அடுத்த திங்கட்கிழமை கிளம்பணுமாம். முடியோடதான் வரணுமாம்.

— கேட்டியா அக்கா! அதான் சொன்னேனே!

— இரு மச்சான். கதையைக் கொஞ்சம் மாத்திட்டாங்களாம். கர்னலோட பேசுற வேஷத்துக்கு நியூயார்க்லேருந்து ஒரு நடிகனைப் போட்டாச்சாம். நீ அவனுக்குத் தம்பியாம். முதல் சண்டையில, ஆத்தங்கரையில, குதிரையோட... வெள்ளைக்காரன் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னான். "உன்னை மாதிரி விழ ஆளே இல்லை"ன்னான்.

— வசனம்?

— இல்லையாம்.

— ஒரு வரிகூடவா?

— லைன்லயே இருக்கான். வர்றியா இல்லையான்னு இப்பவே சொல்லணுமாம். உன் முகத்தைப் பார்த்தா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

— முகத்துல என்ன? விழறதுதானே. தெரிஞ்ச வேலை. வர்றேன்னு சொல்லு... ஒரு நிமிஷம் இரு. அக்கா, கத்தரிக்கோலை ஏன் வெளியே எடுக்கிறே? போறேன்னுட்டேன், இப்ப வெட்ட முடியாது.

— உனக்கு இல்ல தம்பி. எனக்கு.

— உனக்குத்தான் காதுக்கு மேல ஏறிடுச்சே.

— அது அம்மாவுக்கு. இது உனக்கு. இத்தனை நாளா அவ செஞ்சா, இனிமே நான்தானே செய்யணும்.

— என்னத்தை?

— முதல் படத்துக்கு நான்தான் அவளைக் குளோப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நீ மண்ணுல விழுந்தே. கண்ணைத் திறந்துக்கிட்டே கிடந்தே. அவ எழுந்து வெளியே வந்துட்டா. வீட்டுக்கு வந்ததும் முடியை வெட்டிக்கிட்டா. "அவன் உயிரோடதாம்மா இருக்கான், அடுத்த மாசம் வருவான்"னேன். "தெரியும். ஆனா என் பிள்ளை செத்துக் கிடக்கிறதைக் கண்ணால பார்த்துட்டேனே. பார்த்ததுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யணும்"னா. அப்புறம் உன் படம் ஒவ்வொண்ணு வர்றப்பவும் போவா. வந்து வெட்டிக்குவா. வளர எங்க விட்டே நீ?

— அப்ப என் பேரைச் சொல்லாதது...

— செத்தவங்க பேரை நம்மள்ல யாரு சொல்லுவா?

— மச்சான், லைன்...

— இரு ரூபன். அக்கா, ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லலை?

— சொல்லக்கூடாதுன்னா. உனக்குப் பிடிச்ச வேலையாம்.

— குடு அதை.

— விடு, கையை வெட்டிக்கப் போறே.

— அப்ப நீயே வெட்டு. எனக்குப் பின்னாடி எட்டாது.

— குனி. இன்னும் கொஞ்சம். ரூபன், அந்தக் கோணியை இப்படி விரிச்சுப் போட்டுட்டு நீ போ. ஒரு முடிகூட மண்ணுல விழக்கூடாது. எரிக்கணும்.

— அந்த ஆளுகிட்ட என்ன சொல்லட்டும்?

— பார்த்ததைச் சொல்லு.

— ஹலோ? இருக்கீங்களா? ஆமா சார், அதே ரூபன்தான். இல்லை சார், வரமாட்டார். முடி வெட்டியாச்சு.