படி தின்ற முந்தானை

– அசையாதீங்க காசிம் பாய். முந்தானை இன்னும் ஓடற படிக்குள்ள போயிட்டே இருக்குது.

– நான் அசையல சென்னம்மா. பொம்மைதான் ஆடுது. அந்தச் சிவப்பு பட்டன அழுத்து.

– அழுத்திட்டேன். நின்னுடுச்சி.

– அப்பாடா. கைய எடுக்கலாமா?

– எடுங்க. பட்டுப்பொடவ கட்டின பொம்மைய இடுப்போட கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?

– யாரு பாக்கறது? காலையிலேருந்து வந்ததே மூணு பேரு. ரெண்டு பேரு ஏசிக்கு வந்தவங்க, ஒருத்தரு பாத்ரூமுக்கு.

– சாமான எஸ்கலேட்டர்ல எறக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குதே.

– ஒட்டினதே நான்தான். பின்படி வழியா எட்டு பொம்மைய எறக்கினா என் முட்டிய நாளைக்கு வேற ஒருத்தன் எறக்கணும். பொம்மைக்கும் ஒரு தடவ ஓடற படியில போற ஆச இருக்காதான்னு நெனச்சேன்.

– அதுகள எதுக்கு இப்ப எறக்கறீங்க?

– மேனேஜர் நவநீதன் சார் சொன்னாரு. ஆடிக்குக் கீழ வாசல்லயே வரிசையா நிறுத்தப் போறாங்க போல.

– ஆடிக்கா?

– வேற எதுக்கு?

– ஒண்ணுமில்லீங்க. கத்தரி குடுங்க, வெளிய இருக்கிற முந்தானைய வெட்டி உடறேன்.

– வெட்டி என்ன பண்றது, சக்கரத்துக்குள்ள பாதிப் பொடவ கெடக்குதே. படி ஓடலன்னா ஒனக்கு இங்க என்ன வேல இருக்குது சொல்லு? வர்றவங்கள கையப் புடிச்சி ஏத்தி உடத்தான் ஒனக்குச் சம்பளமே. பொடவையோட சேத்து ஒன் பொழப்பையும் உள்ள உட்டுட்டனே.

– மேனேஜர் வர்றாரு பாய்.

– என்ன காசிம்ணா, படி ஏன் நிக்குது?

– முழுக்க என் தப்பு சார். சென்னம்மா மேல ஒரு தப்பும் இல்ல. மெமோவ என் பேருக்கே குடுங்க.

– சரி, விடுங்க.

– விடறதா? பெங்களூர்ல இருந்து மெக்கானிக்க வரச் சொல்லணும் சார். ஆடிக்கு இன்னும் பதினஞ்சு நாளுதான்.

– பாத்துக்கலாம்.

– எப்ப வருவாரு?

– மேல பேசிட்டு இருக்கேன்.

– மேலன்னா மேல்மாடியிலயா? அங்க ரெண்டு பொம்மதான் சார் மிச்சம்.

– அதையும் எறக்கிடுங்க. பின்படி வழியா.

– போன மாசம் ஒரு சட்டப் பட்டன் பிஞ்சதுக்கு மெமோ குடுத்தீங்க. இன்னிக்கு எஸ்கலேட்டரையே காலி பண்ணியிருக்கேன். கொஞ்சம் திட்டிட்டாவது போங்க சார், மனசு ஆறும்.

– ரெண்டு பேரும் போயி டீ சாப்டுங்கண்ணா. எனக்கு போன் வருது.

– போயிட்டாரு. கேட்டியா சென்னம்மா, டீ சாப்டச் சொல்றாரு. ஓசூர் கிளைய மூடறதுக்கு முன்னாடியும் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்களாம்.

– நீங்க இப்படி ஓரமா உக்காருங்க.

– கடை தொறந்த வருசம் ஒனக்கு ஞாபகம் இருக்குதா? ஒங்க சித்தேரி மலையில இருந்து பஸ் ஏறி இந்தப் படிய பாக்கவே வந்தாங்க. செருப்பக் கீழ உட்டுட்டு கோயிலுக்குப் போற மாதிரி ஏறுவாங்க.

– நானும் அப்படித்தான் வந்தேன். ஏறிட்டேன், எறங்கத் தெரியல. செருப்பு கீழ, நான் மேல. நீங்கதான் கையப் புடிச்சி எறக்கி உட்டீங்க.

– அப்புறம் ஒன்னையே இங்க நிக்க வெக்கச் சொல்லி நான்தான் கேட்டேன். என் வளையல் கடைய இந்தக் கடை முழுங்கினப்பகூட கோவிச்சிக்கல. முழுங்கினவன் வவுத்துக்குள்ளயே வேலைக்குச் சேந்துட்டேன். இப்ப இவனையே போன் முழுங்குது.

– எங்க மலைக்கே பார்சல் வண்டி வருதுங்க. எம் மருமவ இங்க வந்து பொடவைய போட்டோ எடுத்துட்டுப் போயி, அதையே போன்ல வாங்கிக் கட்டியிருக்கறா.

– நல்லா இருக்குதா?

– நல்லாத்தான் இருக்குது.

– அப்ப சரி. சென்னம்மா, சிரிக்காம ஒண்ணு கேக்கறேன். மேனேஜரு வாயில வராது, நீயாச்சும் நேராச் சொல்லு. மெக்கானிக் வருவாரா, மாட்டாரா?

– வருவாங்க பாய். திங்கக்கெழம. கழட்டி லாரியில ஏத்திட்டுப் போறதுக்கு. இந்தக் கடைக்கு இனி ஆடி இல்லீங்க.

– ஒனக்கு எப்படித் தெரியும்?

– போன வெள்ளிக்கெழம படிய அளக்க வந்தாங்க, நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தீங்க. திரும்பி வந்ததும் மைக்க எடுத்து ஆடித் தள்ளுபடி சொல்லிச் சொல்லிப் பழகிட்டு இருந்தீங்க, எனக்குச் சொல்ல வாய் வரல. வந்தவங்களுக்கு ஆளு பத்தல பாய். டேப்போட இந்த முனையப் புடிச்சிக்கிட்டு நின்னது நான்தான்.