எதிர் நாற்காலிக்கு ஒரு தட்டு

நர்ஸ்: டீச்சரம்மா முப்பத்தாறு கிலோ, அண்ணே. போன மாசம் நாப்பத்தொண்ணு இருந்தாங்க.

சமையல்காரர்: நம்ம முதியோர் இல்லத்து எடை மிஷின் பொய் சொல்லுதோ என்னவோ...

நர்ஸ்: நானும் ஏறிப் பாத்தேன். எனக்கு ஒரு கிலோகூடக் குறைச்சுக் காட்டல, பாவி மிஷின்.

சமையல்காரர்: அது சரி! ஆனா அவங்க தட்டு துடைச்ச மாதிரியில்ல திரும்பி வருது? முட்டை, வெண்ணெய், எல்லாம் நீங்க சொன்னபடிதான் கலந்து...

நர்ஸ்: வேளைக்கு எத்தனை தட்டு அனுப்புறீங்க?

சமையல்காரர்: ஒண்ணு...

நர்ஸ்: அண்ணே.

சமையல்காரர்: ரெண்டு. திட்டாதீங்க சிஸ்டர். நீங்கதானே பழக்கிவிட்டீங்க? நல்லா சாப்பிடுற தையல்காரம்மாவை எதிர்ல உக்கார வச்சா, பாத்துப் பாத்து இவங்களும் ரெண்டு வாய் சாப்பிடுவாங்கன்னு...

நர்ஸ்: தையல்காரம்மா செத்து இருபது நாளாச்சு!

சமையல்காரர்: டீச்சரம்மாகிட்ட யாரு சொன்னா? "அவ தட்டு எங்க?"ன்னு கேட்டு வாயை இறுக்கி மூடிக்குறாங்க. நான் என்ன பண்ண?

நர்ஸ்: அந்த ரெண்டாவது தட்டை யாரு காலி பண்றா? நீங்களா?

சமையல்காரர்: ஐயோ, சத்தியமா இல்ல! டீச்சரம்மாதான் ரெண்டையும் முடிக்கிறாங்கன்னு நெனச்சேன்.

நர்ஸ்: ஒரு வாய் வைக்கல. இன்னைக்கு மத்தியானம் கதவோரமா நின்னு பாத்தேன். தன் தட்டையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, "நீ சாப்பிடு, உனக்குத்தான் பசி"ங்கிறாங்க.

சமையல்காரர்: அப்புறம்?

நர்ஸ்: போன் அடிச்சுது. குனிஞ்சு பாத்துட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான்... ரெண்டு தட்டும் காலி. ஜன்னல் சாத்தியிருக்கு. டீச்சரம்மா கையில ஒரு பருக்கை ஒட்டல.

சமையல்காரர்: இதை வெளியில சொன்னா யாரு நம்புவா?

நர்ஸ்: நாளைக்கு டாக்டர் வர்றாரு. முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா ஆஸ்பத்திரி, மூக்குல குழாய். இங்கேருந்து அப்படிப் போனவங்க யாரு திரும்பி வந்தா?

சமையல்காரர்: பேசாம அந்தத் தட்டை நிறுத்திடுவோமா?

நர்ஸ்: நிறுத்தினா பசி அடங்கிடுமா?

சமையல்காரர்: யாரு பசி, சிஸ்டர்?

நர்ஸ்: ...யார்கிட்டயும் சொல்லல அண்ணே. கடைசி நாள் தையல்காரம்மா என்கிட்ட மூணு தடவை சோறு கேட்டாங்க. சார்ட்டைப் பாத்தேன், சாப்பிட்டாச்சுன்னு டிக் இருந்துச்சு. மறதிக்காரங்க, சாப்பிட்டுட்டே சாப்பிடலம்பாங்க, நமக்குத் தெரியாததா? "இப்பத்தானேம்மா சாப்பிட்டீங்க"ன்னு சிரிச்சு அனுப்பிட்டேன். காலையில போய்ப் பாத்தா...

சமையல்காரர்: அழாதீங்க சிஸ்டர். உங்க மேல தப்பில்ல.

நர்ஸ்: டீச்சரம்மா இன்னைக்கு என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "சாப்பிட்டாச்சுன்னு டிக் போட்டவங்களே வந்து அவளுக்கு ஊட்டணுமாம். அதுவரைக்கும் என் சோறுதான் அவளுக்கு"ன்னு. நான் டிக் போடலையே அண்ணே... எங்க போறீங்க? தட்டு எதுக்கு?

சமையல்காரர்: ஊட்டிவிடத்தான். அன்னைக்கு ஒரு ஆளுக்குச் சோறு பத்தல, சிஸ்டர்... மறதிக்காரங்கதானே, என்ன தெரியப்போகுதுன்னு அந்த டிக்கை நான்தான் போட்டேன்.